மதிலும் வாசலும்: வில்லி கிராஃபின் விசுவாசமும் ‘வெள்ளை ரோஜா’வும்

1. ஒரு பயணம், ஒரு கேள்வி

1943 ஜனவரி பிற்பாதியில் 25 வயது மருத்துவ மாணவர் ஒருவர் மியூனிக் நகரில் ரயிலேறினார். உடம்பில் ஜெர்மானியப் படையின் சீருடை. கொலோன், பான், சார்புருக்கன், ஃப்ரைபுர்க், உல்ம் என்று ஊர் ஊராக இறங்கிப் பழைய நண்பர்களைத் தேடிப் போனார். பெரும்பாலும் கத்தோலிக்க இளையோர் குழுக்களில் அவரோடு வளர்ந்தவர்கள். ஒரே முகாமில் தங்கி, ஒரே செபத்தைச் சொல்லி, ஒரே தடைச் சட்டத்துக்குத் தப்பி வாழ்ந்தவர்கள். ஹிட்லர் ஆட்சியைக் கண்டிக்கும் துண்டறிக்கைகளைப் படியெடுத்துப் பரப்பும் வேலையில் தம்மோடு சேர முடியுமா என்று அவர்களிடம் கேட்டார். ஒரு சிலர் சம்மதித்தனர். பெரும்பாலோர் மறுத்துவிட்டனர்.

அந்த மாணவர் வில்லி கிராஃப். ‘வெள்ளை ரோஜா’ என்று உலகம் அறிந்த மியூனிக் மாணவர் குழுவைச் சேர்ந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று ஸ்டாடெல்ஹைம் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. அவரை அந்த வழியில் நடத்தியது கிறிஸ்தவ விசுவாசமே என்று நினைவு நூல்களும் மறையுரைகளும் சொல்லிவருகின்றன. பொய்யில்லை. ஆனால் அந்த ஜனவரிப் பயணம் இந்த விளக்கத்தைச் சிக்கலாக்கிவிடுகிறது. கேட்டவரை நடத்தியது விசுவாசம் என்றால், மறுத்தவர்களை மறுக்கச் செய்தது எது? அவர்களும் அதே திருப்பலியில் பங்கேற்றவர்கள். அதே ஆசிரியர்களைப் படித்தவர்கள். ஹிட்லரை வெறுத்ததில் அவருக்குச் சற்றும் குறையாதவர்கள். ஒரே விசுவாசம் ஒருவரைத் தெருவுக்கும் மற்றவரைத் தம் அறைக்குள்ளும் எப்படி அனுப்பியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இதுவரை படிக்கப்பட்ட விதம்

வெள்ளை ரோஜாவுக்குச் சமய விளக்கம் மிக விரைவிலேயே கிடைத்துவிட்டது. போர் முடிந்து ஆறு மாதமே ஆன நிலையில், 1945 நவம்பர் 4 அன்று, இறையியலாளர் ரொமானோ குவார்தினி மியூனிக்கில் நினைவுரை ஆற்றினார். இறந்தவர்களில் சிலர் அவருடைய நூல்களைப் படித்தவர்கள். அவர்களின் சாவை அரசியலின் தட்டில் வைக்காமல் மனித இருப்பின் தராசில் நிறுத்த முயன்றது அந்த உரை. 1952இல் இங்கே ஷோல், அக்குழுவில் இருந்து கொல்லப்பட்ட தம் தம்பி ஹான்ஸ், தங்கை சோஃபி இருவரையும் மையமாக வைத்து எழுதிய சிறுநூல் இந்தப் பார்வையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தூய இளம் உள்ளங்கள், தீய ஆட்சி, தவிர்க்க முடியாத பலி என்று அமைந்த அந்தச் சித்திரம் பள்ளிப் பாடமாகவும் ஆனது.

எதிர்வினை 1968இல் வந்தது. கிறிஸ்டியான் பெட்ரி எழுதிய நூல், இந்த மாணவர்களின் இலட்சியவாதம் அரசியல் அறியாதது, பயன் கணிக்காதது என்று விமர்சித்தது. அந்த ஆண்டின் மாணவர் எழுச்சிக்குள் நின்று எழுதியவருக்கு மன்றாட்டும் நற்கருணையும் எரிச்சலூட்டியிருந்தால் வியப்பில்லை. பிறகு ஆவணங்களே பேசத் தொடங்கின. இங்கே யென்ஸ் 1984இல் ஹான்ஸ், சோஃபி இருவரின் மடல்களைப் பதிப்பித்தார். 1988இல் கிராஃபின் தங்கை அனெலீஸ்ஸோடு சேர்ந்து கிராஃபின் மடல்களையும் நாட்குறிப்பையும் கொண்டுவந்தார். 1990க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் கிடந்த, நாத்சி இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவின் விசாரணைப் பதிவுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்தன. அண்மை ஆண்டுகளில் ராபர்ட் சோஸ்க போன்றோர் ஷோல் உடன்பிறப்புகளின் புரொட்டஸ்டன்ட் இறைப்பற்றை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்துள்ளனர்.

இந்த நூல்வரிசையில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. விசுவாசம் இருந்ததா, இல்லையா, எவ்வளவு இருந்தது என்று அளந்து பார்ப்பதிலேயே வாதம் சுற்றிச்சுற்றி வருகிறது. அந்த விசுவாசம் அவர்கள் வாழ்வில் என்ன வேலை செய்தது, அந்த வேலை எப்போது மாறியது என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. அதைக் கேட்க ஷோல் உடன்பிறப்புகளைவிடக் கிராஃபே பொருத்தமானவர். ஹான்ஸும் சோஃபியும் ஹிட்லர் இளைஞர் அமைப்புகளில் ஆர்வத்தோடு சேர்ந்து, தலைமைப் பொறுப்புகளும் வகித்து, பிறகு விலகியவர்கள். அவர்கள் வாழ்வில் விசுவாசமும் எதிர்ப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே முதிர்ந்தன. கிராஃப் ஒருநாளும் அந்த அமைப்பில் சேராதவர். அவருக்கு விசுவாசம் முதலிலிருந்தே இருந்தது. எதிர்ப்பு வெகு பின்னால் வந்தது. இடைப்பட்ட அந்தக் காலம்தான் நமக்கு வேண்டிய சான்று.

3. பீடங்களின் மௌனம்

பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1933இல் ஜெர்மானியரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் புரொட்டஸ்டன்ட்கள். மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். நாத்சி ஆட்சி வேற்றுமதத்தாரின் படையெடுப்பல்ல. திருமுழுக்குப் பெற்றவர்கள் வாக்களித்து, பணியாற்றி, கைதட்டி வளர்த்த ஆட்சி. நாத்சி கட்சியில் சேர்வதற்கு எதிரான எச்சரிக்கைகளைக் கத்தோலிக்க ஆயர்கள் 1933 மார்ச் இறுதியில் தளர்த்தினர். ஜூலையில் வத்திக்கானோடு உடன்படிக்கை கையெழுத்தானது. கத்தோலிக்கச் சங்கங்களுக்கு அது வாக்களித்த பாதுகாப்பு சில ஆண்டுகளிலேயே காகிதமாகிப்போனது. புரொட்டஸ்டன்ட்களில் ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்’ என்ற அணி திருச்சபையையே இனக்கொள்கைக்கு ஏற்ப வார்க்க முனைந்தது. அதை எதிர்த்த ‘அறிக்கைத் திருச்சபை’ 1934 மே மாதம் பார்மன் நகரில் வெளியிட்ட அறிக்கை, திருச்சபையின் தலைவர் கிறிஸ்துவே என்று துணிந்து சொன்னது. யூதர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 1937இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் இன வழிபாட்டைக் கண்டித்தது. யூதர்கள்மீது நடந்துகொண்டிருந்த கொடுமையை அதுவும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

ஆட்சியாளருக்கு அடங்கி நடக்கச் சொல்லும் உரோமையர் மடலின் 13ஆம் அதிகாரம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் பழக்கமானதுதான். ஜெர்மானிய லூதரன் மரபில் அது வெறும் வசனமாக நிற்காமல் குடிமைப் பண்பாகவே இறுகிப்போயிருந்தது. கத்தோலிக்கர்களின் நிலையும் செயலளவில் பெரிதாக வேறுபடவில்லை. ஹிட்லரின் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் தம் ஆயரிடம் ஆலோசனை கேட்டபோது, போர் நீதியானதா என்று தீர்ப்பிடுவது உம் வேலையல்ல என்ற பொருளில்தான் பதில் கிடைத்தது. அவர் 1943 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். 2007இல் அதே திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

விதிவிலக்குகளில் முதன்மையானவர் மியூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலன். மனநோயாளரும் மாற்றுத்திறனாளரும் அரசாணையின்படி கொல்லப்படுவதை 1941 ஆகஸ்ட் 3 அன்று மறையுரை மேடையிலிருந்தே அம்பலப்படுத்தினார். அதற்குள் 70,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தனர்; அந்தக் கொலைக்கூடங்களில் முதலாவதான கிராஃபனெக் உல்ம் நகருக்கு வெகுதொலைவில் இல்லை. மறையுரையின் கள்ளப்படிகள் நாடெங்கும் உலவின. உல்மில் தங்கள் வீட்டு அஞ்சல் பெட்டிக்கும் படிகள் வந்தன, அதைப் படித்த ஹான்ஸ் ஒரு படியெடுக்கும் இயந்திரம் வேண்டும் என்றார் என இங்கே ஷோல் எழுதுகிறார். இது பின்னால் எழுதப்பட்ட நினைவு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த மறையுரையைத் தொடர்ந்து கொலைத்திட்டத்தின் முதற்கட்டம் அதிகாரபூர்வமாக நிறுத்தப்பட்டதும், கொலைகள் மறைவாகத் தொடர்ந்ததும் உறுதி. பேசினால் பயனுண்டு என்பதற்கும், பேசியது போதவில்லை என்பதற்கும் ஒருசேரச் சான்று அது. யூதர்களுக்காகக் காலனும் மேடையேறவில்லை.

4. கோடு கிழித்த முகவரிகள்

வில்லி கிராஃப் 1918 ஜனவரி 2 அன்று பிறந்தார். நான்கு வயதிலிருந்து வளர்ந்தது சார்புருக்கன் நகரில். சார் நிலப்பகுதி அப்போது பன்னாட்டுச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தது. 1935 ஜனவரி வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விரும்பி வாக்களித்ததால் ஜெர்மனியோடு இணைந்தது. ஆகவே பதினேழு வயது வரை அவர் ஹிட்லரின் நேரடி ஆட்சிக்கு வெளியே வளர்ந்தார். எல்லைக்கு அப்பால் தடுமாறத் தொடங்கிவிட்ட கத்தோலிக்க இளையோர் வாழ்வு இங்கே இன்னும் சில ஆண்டுகள் மூச்சுவிட்டது. பதினொரு வயதில் ‘நொய்டாய்ச்லாண்ட்’ என்ற கத்தோலிக்க மாணவர் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு ‘சாம்பல் ஒழுங்கு’ என்ற நெருக்கமான வட்டத்தில். மலைநடை, கூடாரம், பாட்டு, விவிலிய வாசிப்பு, புதுமுறைத் திருவழிபாடு என்பதே அவர்களுடைய வாழ்வு.

அக்காலத்தை அறிய ஒரு சிறு பொருள் போதும். கிராஃபிடம் ஒரு முகவரிக் குறிப்பேடு இருந்தது. நண்பர் எவராவது ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர்ந்தால், அவர் பெயரை அதில் கோடு கிழித்து அடித்துவிடுவார். பள்ளி இறுதித் தேர்வுக்கே அனுமதி கிடைக்காது என்ற மிரட்டல் வந்தபோதும் அவர் அமைப்பில் சேரவில்லை. 1938 தொடக்கத்தில், தடைசெய்யப்பட்ட இளையோர் குழுவில் தொடர்ந்து செயல்பட்டதற்காகக் கைதாகிச் சில வாரங்கள் காவலில் இருந்தார். ஆஸ்திரியா இணைப்பையொட்டி வந்த பொது மன்னிப்பில் வழக்கு கைவிடப்பட்டது.

அந்தக் கோடுகளை எதிர்ப்பின் தொடக்கமாகப் படிப்பது எளிது. பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் அப்படித்தான் படிக்கின்றன. என் வாசிப்பு வேறு. அந்தக் கோடு ஆட்சியை நோக்கிக் கிழிக்கப்பட்டதல்ல. தன் வட்டத்தின் எல்லையாகக் கிழிக்கப்பட்டது. உள்ளே யார், வெளியே யார் என்று அது சொன்னது. சாம்பல் ஒழுங்கின் இளைஞர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்கள். தங்கள் பாட்டையும் செபத்தையும் நட்பையும் காத்துக்கொண்டார்கள். 1933 ஏப்ரலில் யூதர் கடைகள் புறக்கணிக்கப்பட்டபோதும், 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்தபோதும், ஜெர்மனியின் மிகப் பெரும்பாலான கிறிஸ்தவ இளையோர் குழுக்கள் செய்தது இதைத்தான். விசுவாசம் மதிலாக நின்றது. மதிலுக்குள் நச்சு புகவில்லை. மதிலுக்கு வெளியே கொலை நடந்தது. இப்படிப்பட்ட விசுவாசத்தோடு ஓர் ஆட்சியால் நெடுங்காலம் ஒத்துப்போக முடியும். சிலரை அவ்வப்போது சிறையில் தள்ளினால் போதும்.

அதற்காக அந்த மதிலைச் சிறுமைப்படுத்தவும் முடியாது. பொய்யே பொதுமொழியாகிவிட்ட நாட்டில் பொய்யல்லாத ஒரு மொழியைப் பேசப் பதின்வயதினருக்கு ஓர் இடம் இருந்தது சாதாரணமல்ல. மதிலே இல்லாமல் வளர்ந்த லட்சக்கணக்கானோருக்கு வெளியேறிச் செல்ல ஒரு வாசலும் இருக்கவில்லை. ஆனால் வாசல் இருப்பது வேறு, அதைத் திறந்துகொண்டு போவது வேறு.

5. கிழக்கில் கண்டது

1940 தொடக்கத்தில் கிராஃப் மருத்துவப் பணியாளராகப் படையில் சேர்க்கப்பட்டார். அவர் மறுக்கவில்லை, யேகர்ஷ்டெட்டர் போன ஒற்றையடிப் பாதை அவருடையதல்ல. மேற்கிலும் பால்கனிலும் பணியாற்றிவிட்டு, 1941 ஜூனில் சோவியத் படையெடுப்போடு கிழக்கே போனார். 1942 வசந்தம் வரை அங்கே கண்டவற்றை அவர் விவரித்து எழுதவில்லை, தணிக்கை இருந்தது. இக்காலத்தில் பார்க்க நேர்ந்தவற்றைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்ற பொருளில் ஒரு மடலில் எழுதினார். அவ்வளவுதான். படைக்குப் பின்னால் யூதர்களும் போர்க்கைதிகளும் ஊர் ஊராகக் கொல்லப்பட்ட மாதங்கள் அவை என்பதை வரலாறு நமக்குச் சொல்கிறது. மீதியை அந்த ஒற்றை வரியின் இறுக்கத்திலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1942 ஏப்ரலில் மருத்துவப் படிப்பைத் தொடர மியூனிக்கில் உள்ள மாணவர் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்தக் கோடையின் தொடக்கத்தில் தங்கைக்கு எழுதிய மடலில் அவருடைய விசுவாசம் இடம்பெயர்வது தெரிகிறது. தாங்கள் வளர்ந்த வீட்டுக் கிறிஸ்தவத்தை, வழக்கமும் ஒழுங்குமாகிப்போன அந்தச் சமயத்தை, அவர் கேள்வி கேட்கிறார். மெய்யான கிறிஸ்தவ வாழ்வு அதைவிடக் கடினமானது, உறுதியற்றது, நாள்தோறும் புதிதாக முயன்று பெற வேண்டியது என்று வாதிடுகிறார். இதை வெறும் இளமைக் கலகம் என்று தள்ளிவிட முடியாது. மதிலின் கல்லை உள்ளிருந்தே தட்டிப் பார்க்கும் ஒருவரின் குரல் அது.

ஜூலை இறுதியில் அவருடைய படைப்பிரிவு மீண்டும் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டது. உடன் சென்றவர்களில் ஹான்ஸ் ஷோலும் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் இருந்தனர். வழியில் வார்சா. அங்கிருந்த யூதர்களை ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றிச் செல்லும் ரயில்கள் ஓடத் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. மாணவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பட்டினியும் பிச்சையும் கண்ணெதிரே இருந்தன. துயரம் எங்களைப் பார்க்கிறது, நாங்கள் முகம் திருப்பிக்கொள்கிறோம் என்ற பொருளில் கிராஃபின் நாட்குறிப்பில் ஒரு பதிவு உண்டு. அவருடைய குறிப்புகள் பெரும்பாலும் தந்தி போல் சுருங்கியவை: யாரைப் பார்த்தார், என்ன படித்தார், எந்த இசை கேட்டார். அவற்றினிடையே இந்தப் பதிவு உறுத்திக்கொண்டு நிற்கிறது. நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவனைக் கண்டு விலகிப் போகும் குருவையும் லேவியரையும் நினைவுகூராமல் ஒரு கத்தோலிக்க இளைஞர் இதை எழுதியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பார்ப்பவன் தானென்று அவர் எழுதவில்லை. பார்க்கப்படுபவனாகத் தம்மை எழுதிக்கொள்கிறார்.

ரஷ்யாவில் கஷாட்ஸ்க் அருகே கழிந்த மாதங்கள் அவருக்கு மகிழ்ச்சியையும் தந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓரன்புர்கில் பிறந்த ஷ்மோரெல் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர். மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர். அவரால் விவசாயிகளின் வீடுகள் இவர்களுக்குத் திறந்தன. பாட்டும் தேநீரும் உண்டு; மரபுவழி வழிபாடும் உண்டு. கிராஃப் ரஷ்ய மொழி கற்றார். தாழ்ந்த இனம் என்று ஆட்சி பறைசாற்றியவர்களோடு ஒரே வழிபாட்டில் நிற்பது, இனக்கொள்கையை நூல் படித்து மறுப்பதைவிட ஆழமாக இறங்கியிருக்கும்.

6. துண்டறிக்கைகளின் மொழி

வெள்ளை ரோஜாவின் ஆறு துண்டறிக்கைகளையும் வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு விந்தை கண்ணில் படும். முதல் நான்கையும் 1942 ஜூன் இறுதிக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில் ஹான்ஸும் ஷ்மோரெலும் எழுதினர். கிராஃபுக்கு அவற்றில் பங்கில்லை. ஷில்லர், கெதே, லாவோ ட்சு, அரிஸ்டாட்டில் எல்லோரும் அவற்றில் வருகிறார்கள். போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை இரண்டாம் அறிக்கை நேரடியாகச் சொல்கிறது. ஜெர்மனியில் அன்று பொதுமக்களை நோக்கி இதை எழுதியவர்கள் மிகச் சிலரே. நான்காம் அறிக்கையில் சமய மொழி மேலோங்குகிறது: தீமை, பேய்மை, பாவம், மனமாற்றம். பின்னணியில் கார்ல் மூட், தியோடர் ஹெக்கர் ஆகிய இரு முதிய கத்தோலிக்க எழுத்தாளர்களின் தாக்கம் இருந்தது. பேசவும் எழுதவும் தடைவிதிக்கப்பட்ட ஹெக்கர், கர்தினால் நியூமனை ஜெர்மானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். மனச்சாட்சி என்பது விருப்புவெறுப்பல்ல, அதில் இறைக்குரலின் எதிரொலி கேட்கிறது என்ற நியூமனின் எண்ணம் இந்த வட்டத்தில் ஆழமாகப் பரவியது. படை அதிகாரியாகக் கிழக்கே போன தம் காதலர் ஃபிரிட்ஸ் ஹார்ட்நாகலுக்கு சோஃபி கொடுத்தனுப்பியது நியூமன் மறையுரைகளின் இரு தொகுதிகளை.

1943 ஜனவரியில் வந்த ஐந்தாம் அறிக்கை கிராஃப் இணைந்தபின் உருவானது. அதில் இறையியல் ஏறக்குறைய இல்லை. போர் தோற்றுவிட்டது என்கிறது, கூட்டாட்சியைக் கோருகிறது, பேச்சுரிமை, சமய உரிமை, அரசின் அத்துமீறலிலிருந்து தனிமனிதருக்குப் பாதுகாப்பு என்று பட்டியலிடுகிறது. ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்பட்டு ரயிலில் பல நகரங்களுக்குக் கொண்டுபோகப்பட்டது. ஆறாவது பேராசிரியர் குர்ட் ஹூபர் எழுதியது. ஸ்டாலின்கிராட் தோல்விக்குப்பின் மாணவர்களை நோக்கிய அரசியல் அறைகூவல். ஜெர்மானியப் படையைப் போற்றும் வாசகத்தை மாணவர்கள் அதிலிருந்து நீக்கியதால் ஹூபர் சினந்து வெளியேறினார் என்பதும் பதிவாகியுள்ளது.

இவர்களின் விசுவாசம் குன்றிவிட்டது என்று இதற்குப் பொருளா? அதே மாதங்களின் நாட்குறிப்புகளும் மடல்களும் அப்படிச் சொல்லவில்லை. தன் உள்ளம் வறண்ட மணலாய்க் கிடக்கிறது, மன்றாடச் சொல் வரவில்லை என்று தவித்த சோஃபி, தவிப்பை விடவில்லை. கிராஃப் தொடர்ந்து திருப்பலிக்குச் சென்றார். நடந்தது வேறு. செயலை நெருங்க நெருங்க, விசுவாசம் பேச்சின் மேற்பரப்பிலிருந்து இறங்கி அதன் அடித்தளத்துக்குப் போனது. சமய மொழி தேவைப்பட்டது தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ள. பிறரை அழைக்கும்போது, விசுவாசமில்லாதவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய மொழி தேவைப்பட்டது. கைதான சோஃபி விசாரணையில் தம் செயலுக்குக் காரணமாகப் பெரிதும் பேசியதும் வீணாகச் செத்துக்கொண்டிருந்த உயிர்களைப் பற்றியும் தோற்றுவிட்ட போரைப் பற்றியும்தான். இந்த இடத்தில் பெட்ரியின் விமர்சனம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. முதல் நான்கு அறிக்கைகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஐந்தாவதை எழுதியவர்களை அரசியல் அறியாதவர்கள் என்று சொல்ல இயலாது.

7. மறுத்த நண்பர்கள்

மீண்டும் அந்த ஜனவரிக்கு வருவோம். 13ஆம் தேதியின் நாட்குறிப்பு, வேலை மெய்யாகவே தொடங்குகிறது, கல் உருளத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் எழுதப்பட்டது. ஒரு வாரத்தில் பயணம். எங்கே போவது, யாரை நம்புவது? காட்டிக்கொடுக்கத் தெருவுக்கு ஒருவர் இருந்த நாட்டில், பத்தாண்டுக்கு முன் சிறுவனாகக் கோடு கிழித்த குறிப்பேடு இப்போது வேறு பயனைத் தந்தது: கோடு விழாத பெயர்களே அவருடைய நம்பிக்கையின் வரைபடம். சாம்பல் ஒழுங்கும் நொய்டாய்ச்லாண்டும் இல்லாவிட்டால் கிராஃபுக்குத் தட்ட ஒரு கதவும் இருந்திருக்காது. அவர்களில் எவரும் அவரைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மதில் இந்த அளவுக்கு வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்குமேல் அது வேலை செய்யவில்லை. ஃப்ரைபுர்கில் மெய்யியல் துறையில் உதவியாளராக இருந்த ஹைன்ஸ் பாலிங்கரும் அவருடைய தம்பி வில்லி பாலிங்கரும் இசைந்தனர். சார்புருக்கனில் இருந்த தம்பியிடம் ஒரு படியெடுக்கும் இயந்திரம் ஒப்படைக்கப்பட்டது. ஹெல்முட் பாவர் என்ற நண்பரும் உடன்பட்டார். மற்றவர்கள் பின்வாங்கினர். ஆறு பேர் ஒரு பேரரசைக் கவிழ்க்க முடியாது என்று கணக்குப் போட்டவரை அறிவிலி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கணக்கு சரியாகவே இருந்தது. குடும்பத்தை எண்ணிய அச்சமும் மெய்யானதே. ஆயினும் கணக்கும் அச்சமும் பாலிங்கர்களுக்கும் இருந்தன. வேறுபாடு வேறெங்கோ இருக்க வேண்டும்.

கிராஃப் செயல்பட்டது யாரோடு என்று பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. ஷோல்கள் லூதரன்கள். ஷ்மோரெல் மரபுவழியினர். கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் திருமுழுக்கே பெறாதவர். சாவதற்குச் சற்று முன் சிறையில்தான் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றார். ஹூபர் கத்தோலிக்கர், ஆனால் தேசிய மனப்பான்மை கொண்ட முதிய பேராசிரியர். வெள்ளை ரோஜா ஒரு திருச்சபைக் குழுவே அல்ல. எந்தப் பங்கும் அதை நிறுவவில்லை, எந்த ஆயரும் ஆசி வழங்கவில்லை, எந்த ஞானத்தந்தையும் அதை வழிநடத்தவில்லை. தம் திருச்சபையின் மிக நெருங்கிய சகோதரர்களிடையே கிராஃபால் செய்ய முடியாததை, அந்த வட்டத்துக்கு அப்பாற்பட்டவர்களோடு சேர்ந்து செய்ய முடிந்தது. ஒத்த மனத்தினரின் வட்டம் ஒருவரையொருவர் காக்கப் பழகியது. காப்பதே அதன் அறமாகிப்போனது. வேறு வேறு மரபிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குக் காக்க வேண்டிய பொதுவான வட்டம் எதுவும் இல்லை. அவர்களைச் சேர்த்தது வெளியே நடந்துகொண்டிருந்த கொலை. சாம்பல் ஒழுங்கின் விசுவாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது தன் மக்களை நோக்கியே திரும்பியிருந்தது. கிராஃபின் விசுவாசம் வார்சாவின் தெருவில் யாரோ அறியாதவரின் பார்வைபட்டுத் திசை மாறியது.

8. இரண்டு செய்திகள்

1943 பிப்ரவரி 18 அன்று ஹான்ஸும் சோஃபியும் துண்டறிக்கைகளைப் பரப்பும்போது பல்கலைக்கழகத்தில் பிடிபட்டனர். அன்றிரவே கிராஃபும் அனெலீஸ்ஸும் கைதாயினர். 22ஆம் தேதி ஷோல்களும் ப்ரோப்ஸ்டும் தீர்ப்பு வந்த நாளிலேயே கொல்லப்பட்டனர். ஏப்ரல் 19 அன்று நடந்த இரண்டாம் விசாரணையில் கிராஃபுக்கும் ஷ்மோரெலுக்கும் ஹூபருக்கும் மரண தண்டனை. மற்ற இருவரும் ஜூலை 13 அன்று கொல்லப்பட்டனர். கிராஃபை மட்டும் அக்டோபர் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். அவர் சந்தித்த நண்பர்களின் பெயர்கள் கெஸ்டாபோவுக்கு வேண்டியிருந்தன. அவர் கொடுக்கவில்லை. தம்மை மறுத்தவர்களையும் ஆறு மாதமாகத் தம் மௌனத்தால் காத்தார்.

கடைசியில் அவரிடமிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, சிறையின் அனுமதியோடு குடும்பத்துக்கு எழுதிய விடைமடல். இறைவனில் நம்பிக்கை, பெற்றோருக்கு நன்றி, மறுவாழ்வில் சந்திப்பு என்று, அந்நிலையில் ஒரு கத்தோலிக்க மகன் எழுதக்கூடியதே. மற்றொன்று, சிறைக் குருவானவர் வழியாகத் தங்கைக்கு மறைவாகச் சொல்லி அனுப்பியது: தாம் விளையாட்டாகச் செயல்படவில்லை, நிலைமையின் கடுமையை உணர்ந்து ஆழ்ந்த கவலையோடே செய்தார், தொடங்கியதை நண்பர்கள் முன்னெடுக்க வேண்டும். நினைவு நூல்கள் முதல் மடலையே பெரிதும் விரும்பி எடுத்தாள்கின்றன. ஆய்வாளருக்கு இரண்டாவதே முக்கியம். தணிக்கையாளர் முதலாவதைப் படித்துவிட்டு அனுமதித்தார். அதில் ஆட்சிக்கு அஞ்ச ஒன்றுமில்லை. இரண்டாவதை ஒரு குருவானவர் தம் உயிரைப் பணயம் வைத்தே வெளியே கொண்டுபோக முடிந்தது. இரண்டும் ஒரே விசுவாசத்திலிருந்து வந்தவை, ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. ஆனால் முதலாவதை மட்டும் வாசிப்பவருக்கு அந்த இளைஞர் ஏன் கொல்லப்பட்டார் என்பது ஒருபோதும் விளங்காது.

9. பீடத்தில் ஏற்றுவது

ஷ்மோரெலை 2012இல் வெளிநாட்டு ரஷ்ய மரபுவழித் திருச்சபை மியூனிக்கில் புனிதராக அறிவித்தது. கிராஃபுக்கு அருளாளர் பட்டம் தருவது குறித்து மியூனிக் உயர்மறைமாவட்டம் 2017 இறுதியில் முன்விசாரணையைத் தொடங்கியது. அவர்களை மறந்திருந்த பதிற்றாண்டுகளை எண்ணினால் இது வரவேற்கத்தக்கதே. இருந்தும் ஒரு நெருடல். பட்ட விசாரணைக்கு உரியவர் தனியொருவர். அவருடைய புண்ணியங்கள், அவருடைய செபம், அவருடைய சாவு. கிராஃபின் வழக்கில் தீர்வுகாண வேண்டிய பொருள் அவரைச் சுற்றியிருந்த நிறுவனம். 1943 ஜனவரியில் அந்த ரயில் நின்ற ஊர்களிலெல்லாம் ஆலயங்கள் இருந்தன, பங்குக் குருக்கள் இருந்தனர், ஆயர் இல்லங்கள் இருந்தன. அவற்றின் கதவைத் தட்டலாம் என்று அவருக்குத் தோன்றியதற்கு நாட்குறிப்பில் தடயமில்லை. விசாரணைக் கோப்பில் அவருடைய மடல்களோடு அந்த மறைமாவட்டங்களின் அவ்வாண்டுச் சுற்றறிக்கைகளும் இளையோர் பணிக்குழுக்களின் குறிப்பேடுகளும் சேர்க்கப்பட வேண்டும். திறமையுள்ள, இறைப்பற்றுள்ள, ஆட்சியை வெறுத்த அத்தனை இளைஞர்களுக்கும் அந்த ஆலயங்கள் பத்தாண்டுகளாக எதைக் கற்றுக்கொடுத்தன, எதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டன என்று அவற்றிலிருந்துதான் அறிய முடியும்.